"மிஸ், இந்த புக் படிச்சீங்களா?": மாணவர் சொல்லும் கதையை ஆசிரியர் படித்தால் என்ன மாறும்?

"மிஸ், இந்த புக்க படிச்சுப் பாருங்களேன். செம்மயா இருக்கும்."

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அட்டை மடங்கிப்போன சிறுவர் நாவல் ஒன்றை ஆசிரியையிடம் நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "பாக்கலாம்மா, இப்போ போர்ஷன் முடிக்கணும்" என்று டீச்சர் சொல்லிவிட்டால் அது அத்தோடு முடிந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் உண்மையிலேயே படித்துவிட்டு வந்தால்?

சின்ன விஷயம்தான். ஆனால் இதையே தங்கள் வகுப்பறையின் அடிப்படையாக வைத்துக்கொண்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இதை ஆராய்ந்த கல்வியாளர்களும் இருக்கிறார்கள். மாணவர் பரிந்துரைக்கும் கதைப் புத்தகத்தை ஆசிரியர் படிப்பதால் என்ன கிடைக்கிறது, எங்கே கவனம் தேவை, தமிழில் இதற்கு என்ன வாய்ப்பு இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரியவர்கள் எதற்குச் சிறுவர் நாவல் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு ஆய்வு நல்ல தொடக்கம். கல்வியாளர் தெரசா கிரெமினும் அவரது குழுவினரும் 2006-07ல் சுமார் 1,200 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் எளிமையான ஒரு கேள்வி கேட்டார்கள். 'உங்களுக்குத் தெரிந்த நல்ல சிறார் எழுத்தாளர்கள் 6 பேரைச் சொல்லுங்கள். அதேபோல படக்கதை படைப்பாளிகள் 6 பேர், கவிஞர்கள் 6 பேர்.'

எழுத்தாளர்கள் பட்டியலில் பெரும்பாலோர் ஓரளவு தேறினார்கள். அதிலும் ரோல்டு டால் பெயர்தான் மற்ற எல்லாரையும்விட மிக அதிகமாக வந்தது. அதாவது, பலர் தாங்கள் சின்ன வயதில் படித்தவர்களையே திரும்பச் சொன்னார்கள். படக்கதைக்கு வந்தபோது 24% பேரால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. கவிஞர்கள் விஷயத்தில் 22% பேர் வெறுங்கை.

இத்தனைக்கும் இவர்களில் பலர் சொந்த விருப்பத்துக்காக நிறையப் படிப்பவர்கள்தான். படிக்காதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. குழந்தைகள் இப்போது என்ன படிக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியவில்லை.

நம்ம ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இன்று 30, 35 வயதில் இருக்கும் ஒருவரிடம் சிறுவர் இலக்கியம் என்றால் என்ன நினைவுக்கு வரும்? 'அம்புலிமாமா'வின் வேதாளம், 'கோகுலம்', வாண்டுமாமா, இரும்புக்கை மாயாவி. எல்லாமே அருமையானவை. ஆனால் 1947ல் தொடங்கிய 'அம்புலிமாமா' நின்றுபோய் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பிறக்கும் முன்போ, பிறந்த சமயத்திலோ நின்றுபோன பத்திரிகை அது. அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அவனிடம் "என்னடா படிக்கிற?" என்று பேச ஆரம்பித்தால், இரண்டாவது நிமிடமே பேச்சு நின்றுவிடும்.

இல்லாததைக் கொடுக்க முடியாது

அமெரிக்காவில் அப்பிள்கேட் என்ற பெயர் கொண்ட இரண்டு ஆய்வாளர்கள், ஆசிரியர் பயிற்சிக்கு வந்த மாணவர்களின் வாசிப்பு ஆர்வத்தைக் கணக்கெடுத்து 2004ல் எழுதினார்கள். வருங்கால ஆசிரியர்களிலேயே வாசிப்பில் பெரிதாக ஈடுபாடு இல்லாதவர்கள் கணிசமாக இருந்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பீட்டர் விளைவு'. பைபிளில் பிச்சை கேட்டவரிடம் பேதுரு, தன்னிடம் இல்லாததைத் தர முடியாது என்று சொல்லும் இடத்திலிருந்து எடுத்த பெயர். நம்ம பாணியில் சொன்னால், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

ஆனால் இதற்குத் தீர்வு, ஆசிரியர்களை உட்காரவைத்து 'வாசிப்பின் நன்மைகள்' என்று கிளாஸ் எடுப்பது கிடையாது. மாணவரின் கையில் இருக்கும் புத்தகத்தை வாங்கிப் படிப்பது அதைவிட எளிது. 100 பக்க சிறுவர் நாவலைப் பெரியவர் ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட ஆகாது.

கடிதம் எழுதிய டீச்சர்

இந்த முறைக்கு உலக அளவில் தெரிந்த முகம், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி ஆட்வெல். 1970களில் ஆங்கில ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தவர். எல்லாரும் ஒரே பாடநூல், ஒரே கதை, முடிவில் கேள்வி பதில் என்ற வழக்கமான முறையில்தான் அவரும் தொடங்கினார்.

அவர் வீட்டில் நிலைமை வேறு. சாப்பாட்டு மேசையில் கணவரோடும் நண்பர்களோடும் புத்தகங்கள் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். பிடித்தது, பிடிக்காதது, பாதியில் மூடிவைத்தது என எல்லாம் அங்கே வரும். அந்த மேசையில் யாரும் யாரிடமும் 'கதையின் மையக்கருத்து யாது?' என்று கேட்டதில்லை. இந்த மேசையை எப்படி வகுப்பறைக்குக் கொண்டுவருவது என்று யோசித்தார் ஆட்வெல்.

அவர் கண்டுபிடித்த வழி, கடிதம். மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டு, ஒரு நோட்டில் டீச்சருக்குக் கடிதம் எழுத வேண்டும். டீச்சர் அதே நோட்டில் பதில் எழுதுவார். மார்க் கிடையாது, சிவப்பு மைத் திருத்தம் கிடையாது. ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு எழுதும் கடிதம், அவ்வளவுதான். பதில் எழுத வேண்டுமென்றால் அந்தப் புத்தகம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே? அதனால் பதின்வயதினருக்கான நாவல்களை அவரும் ஏராளமாகப் படிக்க ஆரம்பித்தார். இந்த அனுபவத்தை அவர் 1987ல் புத்தகமாக எழுதினார். அமெரிக்க ஆங்கில ஆசிரியர்கள் மத்தியில் அது பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியது.

1990ல் எட்ஜ்கோம்ப் என்ற சிற்றூரில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். அங்கே ஒரு மாணவர் ஆண்டுக்குச் சராசரியாக 40 புத்தகங்கள் படிக்கிறார். பிடித்த புத்தகத்தைப் பற்றி மாணவரே வகுப்பில் எழுந்து நின்று சில நிமிடங்கள் பேசலாம். மாணவர்களின் பரிந்துரைப் பட்டியலைப் பள்ளியே வெளியிடுகிறது. அடுத்து வரும் பிள்ளைகளுக்கு அதுதான் வழிகாட்டி.

2015ல் முதன்முறையாக வழங்கப்பட்ட 'உலக ஆசிரியர் பரிசு' ஆட்வெல்லுக்குத்தான் கிடைத்தது. பரிசுத்தொகை 10 லட்சம் டாலர். அதை அப்படியே தன் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்.

அப்படி என்னதான் நடக்கிறது?

மாணவர் சொன்ன புத்தகத்தை ஆசிரியர் படிக்கும்போது நாலு விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, இடம் மாறுகிறது. பள்ளியில் எப்போதும் தெரிந்தவர் ஆசிரியர், தெரியாதவர் மாணவர். இங்கே தலைகீழ். "அந்தப் பையன் கடைசியில என்ன ஆவான்?" என்று டீச்சர் கேட்க, "சொல்ல மாட்டேன் மிஸ், நீங்களே படிங்க" என்று மாணவி சொல்லலாம். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

இரண்டாவது, அடுத்த புத்தகம் சரியாக அமைகிறது. 'நல்ல புத்தகம் படி' என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. "நீ கொடுத்ததுல அந்தத் தாத்தா வர்ற இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அப்படின்னா இதையும் படிச்சுப் பாரு" என்று சொல்ல முடிந்தால், அந்தப் பரிந்துரைக்கு மதிப்பே வேறு.

மூன்றாவது, மாணவரின் மொழி நிலை புரிகிறது. எந்தச் சொற்கள் வரும் புத்தகத்தை அவனால் தனியாகப் படிக்க முடிகிறது, எங்கே திணறியிருப்பான் என்பதைப் பரீட்சைத் தாளைவிட அவன் விரும்பிப் படித்த புத்தகம் தெளிவாகக் காட்டும்.

நான்காவதுதான் முக்கியம். பிள்ளைகள் நேரடியாகப் பேசாத விஷயங்கள் கதை வழியாக வெளியே வருகின்றன. அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990ல் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தைகளுக்குப் புத்தகம் சில சமயம் ஜன்னல், சில சமயம் கண்ணாடி என்றார். ஜன்னல் வழியாக அடுத்தவர் வாழ்க்கையைப் பார்க்கலாம். கண்ணாடியில் தன்னையே பார்க்கலாம். ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது, அதை உங்களிடமும் நீட்டுகிறது என்றால், அது தான் பார்த்த கண்ணாடியைக் காட்டுவதாகவும் இருக்கலாம்.

உதாரணமாக, பள்ளி ஆசிரியராக இருந்த ரிக் ரியார்டன் எழுதிய 'பெர்சி ஜாக்சன்' வரிசையைப் பல பிள்ளைகள் கிரேக்கக் கடவுள்கள், சண்டை, சாகசத்துக்காகப் படிக்கிறார்கள். ஆனால் அதன் நாயகனுக்கு எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் உண்டு. ஓர் இடத்தில் உட்கார முடியாத கவனக்குறைபாடும் உண்டு. இதே பிரச்சினைகள் இருந்த தன் மகனுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன கதையைத்தான் ரியார்டன் 2005ல் நாவலாக வெளியிட்டார். அந்தப் புத்தகத்தை ஒரு மாணவன் 'என் ஃபேவரிட்' என்று கொடுத்தால், சாகசம் மட்டும்தான் காரணமா என்று படித்துப் பார்த்தால்தானே தெரியும்?

தமிழில் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது?

'தமிழ்ல சிறுவர் நாவலே இல்லையே' என்று சொல்பவர்கள் கொஞ்ச காலமாகப் புத்தகக் கடைப் பக்கம் போகவில்லை என்று அர்த்தம். சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் விருதுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். 2014ல் ஆயிஷா இரா.நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்', 2020ல் யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2022ல் ஜி.மீனாட்சியின் 'மல்லிகாவின் வீடு', 2023ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2024ல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. விழியன் போலத் தொடர்ந்து சிறுவர்களுக்காகவே எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றில் 'ஆதனின் பொம்மை' கீழடியின் பழைய வாழ்க்கைக்குள் கதையைக் கொண்டுபோகிறது. சமூக அறிவியல் ஆசிரியர் இதைப் படித்திருந்தால், கீழடி பாடம் நடத்தும்போது வகுப்பில் ஒரு கதாபாத்திரமும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பட்டியலில் முதலில் உள்ள நடராசனே பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவரது புகழ்பெற்ற 'ஆயிஷா' கதை, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மாணவியைப் பற்றி, அவளை இழந்துவிட்ட ஆசிரியை சொல்வது. ஒரு பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காத பள்ளி என்ன விலை கொடுக்கும் என்பதுதான் அதன் மையம். இதற்கு எதிர்முனையில் இருப்பது ஜப்பானின் டெட்சுகோ குரோயனாகி 1981ல் எழுதிய 'டோட்டோ-சான்'. பழைய பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமி, புதுப் பள்ளிக்கு வந்த முதல் நாள் 4 மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இது ஆசிரியரின் சொந்த அனுபவம். தமிழ் மொழிபெயர்ப்பிலும் பரவலாகக் கிடைக்கும் புத்தகம் இது.

அரசுப் பள்ளிகளுக்கும் இப்போது வாய்ப்புகள் கூடியிருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் 'வாசிப்பு இயக்கம்' சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று 4 படிகளாகப் பிரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வருகின்றன. முழு நாவல் படிக்க இன்னும் தயாராகாத பிள்ளை, 'நட' வரிசையில் ஒரு மெல்லிய கதையைக் காட்டி "சார், இது நல்லாருக்கு" என்றால், அதுவும் பரிந்துரைதான். அதற்கும் நாவலுக்குக் கொடுக்கும் அதே மரியாதை வேண்டும்.

புத்தகம் ஒரு செய்தியாக இருந்தால்?

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலின் கரு, குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல். தனக்கு நடப்பதை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் சிறுமிக்கு ஒரு மரப்பாச்சி பொம்மை துணையாகிறது. இந்தப் புத்தகத்தை ஒரு மாணவி உங்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால்?

பெரும்பாலும் அவளுக்குக் கதை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு புத்தகத்தை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. "உனக்கும் இப்படி ஏதாவது நடந்துச்சா?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்பது அதைவிடத் தப்பு. செய்ய வேண்டியது, புத்தகத்தைப் படிப்பது. பிறகு, "படிச்சேன்மா. அந்தப் பொண்ணு தைரியமா சொன்னது எனக்குப் பிடிச்சது. யாரு வந்து இப்படிச் சொன்னாலும் நான் நம்புவேன்" என்று சாதாரணமாகச் சொல்லி வைப்பது. பேசலாமா வேண்டாமா என்ற முடிவு அந்தப் பிள்ளையிடமே இருக்கட்டும்.

பேசினால், அதன்பிறகு அதை ரகசியமாக வைத்திருக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் காவல் துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டும் எல்லா ஆசிரியர்களின் போனிலும் இருக்க வேண்டியவை.

பாலியல் சீண்டல் மட்டுமில்லை. அப்பாவின் குடி, வீட்டில் ஒரு மரணம், தோற்றத்தைக் கேலி செய்யும் வகுப்புத் தோழர்கள் என்று எதுவும் இப்படிக் கதையின் தோளில் ஏறி வரலாம். புத்தகத்தைப் படிக்காமலேயே "சூப்பர்ப்பா" என்று திருப்பிக் கொடுத்தால், அந்தச் செய்தி பிரிக்காத கடிதம் மாதிரித் திரும்பிப் போய்விடும்.

எங்கே சொதப்பும்?

நல்ல எண்ணத்தில் தொடங்கியதும் கெட்டுப்போக சில வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பரீட்சை ஆக்குவது. 'பரிந்துரைத்த புத்தகத்துக்கு ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வா' என்றால், அடுத்த வாரத்திலிருந்து யாரும் எதையும் பரிந்துரைக்க மாட்டார்கள். பிரான்ஸில் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் டேனியல் பென்னாக், 1992ல் வெளியான தன் நூலில் வாசகருக்கு 10 உரிமைகளைப் பட்டியலிட்டார். படிக்காமல் இருக்கும் உரிமை முதலில் வருகிறது. பாதியில் நிறுத்தும் உரிமையும் உண்டு. கடைசி உரிமை, படித்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பது.

இரண்டு, தரம் பிரிப்பது. காமிக்ஸ், 'விம்பி கிட்' டைரி, பேய்க்கதை ஆகியவற்றைப் பார்த்ததும் "இதெல்லாம் ஒரு புக்கா?" என்று முகம் சுளித்தால் கதை முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் அதையும் நேர்மையாகச் சொல்லலாம். "எனக்கு முதல் பாதி கொஞ்சம் போரடிச்சுது. உனக்கு எங்கடா பிடிச்சது?" என்று கேட்டால் பேச்சு தொடரும். பொய்யாகப் பாராட்டினால் பிள்ளைகள் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்று, நன்றாகப் படிக்கும் 4 பேர் மட்டுமே பரிந்துரைப்பது. வீட்டில் புத்தகம் வாங்கித் தர முடிந்தவர்களின் குரல்தான் எப்போதும் முன்னால் நிற்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டு வாரம் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் முறை வரும். புத்தகத்துக்குப் பள்ளி நூலகம்தான் வழி. அதற்கு முதலில் பீரோவின் பூட்டு திறந்திருக்க வேண்டும்.

நான்கு, நேரம். சிலபஸ், பதிவேடு, ஆன்லைன் என்ட்ரி என்று ஆசிரியர்கள் ஏற்கெனவே திணறுகிறார்கள். வாரம் ஒன்று முடியாது என்றால் மாதம் ஒன்று போதும். கல்வியாண்டு முடிவதற்குள் 10 புத்தகங்கள். பள்ளியில் 5 ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் 50.

நான் டீச்சர் இல்லையே, நான் என்ன செய்வது?

ஐடியில் வேலை, வங்கியில் வேலை என்று இருப்பவர்களுக்கும் இதில் இடமுண்டு. உங்கள் வீட்டிலோ அக்கா, அண்ணன் வீட்டிலோ 8 முதல் 14 வயதுக்குள் ஒரு பிள்ளை இருக்கும். பார்க்கும்போதெல்லாம் "எந்த கிளாஸ்? எவ்ளோ மார்க்?" என்று கேட்டுப் பழகிவிட்டோம். அடுத்த தடவை, "நான் படிக்கிற மாதிரி ஒரு கதை புக் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் இப்படிக் கேட்பது அபூர்வம் என்பதால், முதலில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

புத்தகம் கைக்கு வந்ததும் மூன்று விஷயங்கள். ஒரு வாரத்துக்குள் தொடங்குங்கள். பாதி படித்ததும் ஒரு மெசேஜோ போனோ போடுங்கள்: "மாமா 40ஆவது பக்கத்துல இருக்கேன், அந்த வாத்தியார் மேல எனக்கு டவுட்டா இருக்கு." முடித்ததும் கேள்வி கேட்காமல், உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு இடத்தைச் சொல்லுங்கள். மற்றதைப் பிள்ளையே பேசும்.

முக்கியமாக, புத்தகத்தை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். அது பள்ளி நூலகப் புத்தகமாக இருக்கலாம். அதைக் கேட்டு இன்னொரு பிள்ளை காத்திருக்கலாம்.